தவறி வந்த பார்சல்: சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பில் எழுந்த கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் யாரோ ஒருவருடைய லேப்டாப் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 'வந்தது', 'கிடைத்தது' என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க அந்தக் கதையை வகுப்பில் எடுத்தேன். அன்று பாடம் அதற்கு மேல் நகரவில்லை. ஆளுக்கொரு பார்சல் கதை வைத்திருந்தார்கள், ஆளுக்கொரு நியாயமும் வைத்திருந்தார்கள். அடுத்த பல வாரங்களுக்கு அந்தக் கேள்விகள் ஓயவில்லை. அவற்றைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் உங்கள் கதையைச் சொல்லுங்கள் டீச்சர். அந்த லேப்டாப்பை என்ன செய்தீர்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். நான் வீட்டில் இல்லை. கேட்டுக்கு உள்ளே, நாய்க்கூண்டின் மேல் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மகன் ஹெட்ஃபோனுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தான். லேபிளைப் பார்க்காமலே பிரித்துவிட்டான். உள்ளே புத்தம்புது லேப்டாப். கடை விலை 18,000 ரேண்டுக்கு மேல். பிறகுதான் லேபிளைப் படித்தோம். வீட்டு எண் எங்களுடையது, குடும்பப் பெயரும் எங்களுடையது, தெரு மட்டும் வேறு.

"அம்மா, யாரும் கேட்டு வராவிட்டால்?" என்றான். நான் அவனைக் கண்டிக்கவில்லை. அதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அவன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனுடைய பழைய கம்ப்யூட்டர் அரை மணி நேரத்தில் சூடேறி அணைந்துவிடும். இரண்டு இரவு அந்தப் பெட்டி சாமி அலமாரிக்குக் கீழே இருந்தது. யாராவது கூப்பிட்டால் கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று நினைத்துப் பார்த்தால், யாரும் கூப்பிடக் கூடாது என்றுதான் அந்த இரண்டு நாளும் நான் காத்திருந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் லேபிளில் இருந்த கூரியர் எண்ணுக்குப் பேசினேன். நாற்பது நிமிடம் பாட்டைக் கேட்க வைத்தார்கள். "எங்கள் கணக்கில் டெலிவரி முடிந்துவிட்டது, மேடம்" என்றார் ஒரு பெண். தெருவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, அவர் எழுதிக்கொண்டதைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரைவர் வந்தார். செவ்வாய்க்கிழமை வந்த அதே ஆள். போனில் ஒரு படத்தைக் காட்டினார். எங்கள் நாய்க்கூண்டும் அதன் மேல் பெட்டியும் இருந்தன, கேட்டின் ஒரு கம்பி ஓரத்தில் தெரிந்தது. அது எந்த வீடு என்று அவரால் அடையாளம் சொல்ல முடியவில்லையாம். அன்று அவர் இறக்கியது எழுபது பார்சலுக்கு மேல். மூன்று நாளாகக் காலையில் வண்டி எடுக்குமுன் அவரை நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். டீ போடட்டுமா என்றேன். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

அந்த இரண்டு இரவும் எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அவர் வீட்டில் நடந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சை என்னால் விட முடியவில்லை.

வைத்துக்கொள்வது திருட்டா? நான் யார் பையிலும் கை விடவில்லையே.

கை விடவில்லை, சரி. ஆனால் திருட்டு என்பது கை நீளுவதோடு மட்டும் சம்பந்தப்பட்டது அல்ல. தென்னாப்பிரிக்காவின் பொதுச் சட்டம் ரோமன்-டச்சு மரபில் வந்தது. அந்த மரபில், பொருள் கை மாறினால் மட்டும் உரிமை மாறிவிடாது. கொடுப்பவர் உங்களுக்கென்று நினைத்துக் கொடுத்திருக்க வேண்டும், நீங்களும் அப்படி நினைத்து வாங்கியிருக்க வேண்டும். டிரைவர் தெரு மாறி வைத்துவிட்டுப் போன பெட்டியில் அந்த நினைப்பே கிடையாது. பொருளின் சொந்தக்காரர் அப்போதும் சொந்தக்காரர்தான். அது யாரிடம் இருந்தாலும் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு.

ஆகவே பெட்டி உங்கள் வாசலுக்கு வந்த நிமிடத்தில் நீங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. இது பிறத்தியார் பொருள் என்று தெரிந்த பிறகு, இனித் திருப்பித் தருவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்கிறீர்களே, அங்கேதான் திருட்டு தொடங்குகிறது. வகுப்பில் நான் சொல்ல வந்ததும் இதுதான். 'பார்சல் வந்தது' என்றால் அதில் நம் செயல் எதுவும் இல்லை. 'எனக்கு லேப்டாப் கிடைத்தது' என்று பக்கத்து வீட்டில் சொல்லத் தொடங்கியபோதே அதை நம்முடையதாக்கிக்கொண்டோம்.

பத்து நாள் யாரும் கேட்காவிட்டால் சட்டப்படி நமக்கே சொந்தம் என்கிறார்களே?

பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் நிறையப் பேரைக் கெடுத்து வைத்திருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்பது 2008ஆம் ஆண்டின் 68ஆம் சட்டம். 2011 மார்ச் 31இல் முழு நடப்புக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு கேட்காமலே வந்து சேரும் பொருள்களைப் பற்றியது. கடைக்காரர்கள் தாங்களாகவே பொருளை அனுப்பிவிட்டு, பிறகு "பணம் கட்டு" என்று மிரட்டுவதைத் தடுக்க வந்த பிரிவு அது. நீங்கள் கேட்காத பொருளை உங்கள் பெயருக்கு ஒரு வியாபாரி அனுப்பினால் பணம் கட்ட வேண்டியதில்லை. வைத்துக்கொள்ளலாம். அல்லது அவர் செலவில், அவர் பொறுப்பில் திருப்பி அனுப்பலாம்.

ஆனால் தவறுதலாக வந்ததற்குத் தனி விதி. டெலிவரி ஆன 10 வேலை நாள்களுக்குள், "மாறி வந்துவிட்டது" என்று கடையோ கூரியரோ உங்களுக்குத் தெரிவித்தால், அதற்கு மேல் 20 வேலை நாள்கள் அவர்களுக்கு உண்டு. அதற்குள் வந்து எடுத்துக்கொள்ளாவிட்டால்தான் அது உங்கள் கைக்கு நிலைக்கும். அந்த நாள்களில் நீங்கள் குறுக்கே நிற்கக் கூடாது. வீட்டில் இருந்துகொண்டே கதவைத் திறக்காமல் இருப்பதும் குறுக்கே நிற்பதுதான்.

யாரும் படிக்காத வரி அடுத்தது. லேபிளில் தெளிவாக வேறொருவர் பெயரும் முகவரியும் இருந்தாலோ, வந்த விதத்தைப் பார்த்தால் யாருக்குமே "இது நமக்கில்லை" என்று தெரியும்படி இருந்தாலோ, முதலில் நீங்கள்தான் கடைக்கோ கூரியருக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு 20 வேலை நாள்கள் அவர்கள் வந்து எடுக்காமல் போனால் மட்டுமே அது கேட்காமல் வந்த பொருளாகக் கருதப்படும். நீங்கள் வாய் திறக்காத வரை அந்த நாள்கணக்கு தொடங்குவதே இல்லை. ஒரு வருஷம் அலமாரியில் கிடந்தாலும் முதல் நாளிலேயே நிற்கிறீர்கள்.

வேலை நாள் என்றால் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நீங்கலாக. 20 வேலை நாள் என்பது ஏறக்குறைய நாலு வாரம். டிசம்பரில் 16, 25, 26 தேதிகளும் ஜனவரி 1உம் விடுமுறை என்பதால் இன்னும் நீளும். பிளாக் ஃப்ரைடே பார்சல்கள் மாறி வருவதும் அந்தச் சமயத்தில்தான். அதனால் நாள்களை விரல் விட்டு எண்ணாமல் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஒரு போனுக்குப் பணம் கட்டினேன். பெட்டியில் இரண்டு இருந்தது. என் பெயருக்குத்தானே வந்தது?

ஆமாம், இது வேறு. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, நீங்கள் வாங்கச் சம்மதித்ததைவிட அதிகமாக வந்தால் இரண்டு வழி சொல்கிறது. மொத்தத்தையும் வேண்டாம் என்று திருப்பலாம். அல்லது ஏற்றுக்கொண்டு, பேசிய அளவுக்கு மட்டும் பணம் கொடுத்து, மிகுதியைக் கேட்காமல் வந்த பொருளாக வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் 10 வேலை நாள்களுக்குள் தவறைக் கண்டுபிடித்துச் சொல்லாவிட்டால் சட்டம் உங்கள் பக்கம்.

சட்டம் விட்டுவிடுகிற இந்த இடத்தில் மனசாட்சி என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி. வகுப்பில் இதற்குத்தான் பெரிய சண்டை. என் பதில் இது: ஒரு தடவை சொல்லிவிடுங்கள். ஒரு ஈமெயில் போதும், ஆர்டர் எண்ணும் ஒரு படமும் இருந்தால் போதும். நாலு வாரம் பத்திரமாக வையுங்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாக அலையத் தேவையில்லை. பெட்ரோல் செலவும் லீவு போட்ட சம்பளமும் உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை. அவர்கள் வரவில்லையென்றால் அந்த இரண்டாவது போனை நிம்மதியாகப் பயன்படுத்துங்கள். உங்கள் கடமை சொல்வதோடு முடிகிறது. எடுத்துக்கொண்டு போவது அவர்களுடைய வேலை.

சொல்லிவிட்டுக் காத்திருந்த பிறகும் குற்ற உணர்ச்சியோடு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். ஏமாற்றியவருக்கு வர வேண்டிய உறுத்தல் அது, உங்களுக்கு எதற்கு?

ஒரே ஒரு வேறுபாடு பார்ப்பேன். அனுப்பியவர் டர்பனின் மெரிபேங்க் பகுதியில் வீட்டு முன்னறையில் சேலை விற்கிற ஒரு அக்கா என்றால், ஈமெயில் போட்டுவிட்டு நாலு வாரம் எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். அன்றைக்கே போன் செய்வேன், முடிந்தால் கொண்டுபோயும் கொடுப்பேன். தவறி வந்த ஒரு பட்டுச்சேலை அவருடைய ஒரு மாதத்து லாபமாக இருக்கலாம்.

பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் ஒரு நஷ்டமா? இன்ஷூரன்ஸ் இருக்குமே.

இருக்குமோ இருக்காதோ. நமக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள்போல் பேசுகிறோம். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். கம்பெனியின் நெய்யை நாம் தாராளமாக ஊற்றிக்கொள்கிறோம்.

இன்ஷூரன்ஸ் இருந்தாலும், அந்தப் பணம் வருவதற்கு முன்னால் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டும். கேள்வி மேலே போகாது, கீழேதான் இறங்கும். கிடங்கில் லேபிள் ஒட்டிய பையனிடம் போகும், பக்கி என்கிற சிறு சரக்கு வண்டியை ஓட்டி வந்த டிரைவரிடம் போகும். இங்கே டெலிவரி ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை, ஒப்பந்தத்தில் ஓட்டுகிறவர்கள். அவர்களுக்காகப் பேச மேலே ஆள் கிடையாது. இன்னொரு பக்கம், பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறவர், "டெலிவரி முடிந்தது என்று எங்கள் கணக்கு சொல்கிறது" என்ற ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் கேட்டது ஒரு தடவை. அவர் பத்துத் தடவை கேட்டிருப்பார்.

நம் முன்னோரை இந்தக் கம்பெனிகள் எவ்வளவு சுரண்டின! கொஞ்சம் நம் கைக்குத் திரும்பி வந்தால் என்ன தப்பு?

எழுபது வயதைத் தாண்டிய ஓர் அண்ணா கேட்ட கேள்வி இது. வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. இந்தக் கேள்வியில் வலி இருக்கிறது, அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன்.

1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நெட்டால் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். முதல் வருஷம் மாதக் கூலி பத்து ஷில்லிங். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு நாள் கூலியை வெட்டினார்கள். உடம்பு சரியில்லாமல் படுத்தவனுக்கும் கூலி வெட்டு. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கே தங்குகிறவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் போட்டார்கள். 1913இல் கரும்புக் காட்டுக் கூலிகளும் சுரங்கத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தி, அடி வாங்கி, சிறைக்குப் போன பிறகுதான் 1914இல் அந்த வரி போனது. பிறகு, யார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று இனத்தை வைத்துப் பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. என் ஆயா, அதாவது பாட்டி, டர்பனின் கேட்டோ மேனரில் கீரையும் பீன்ஸும் போட்டு விற்றவர். அந்த மண்ணிலிருந்து கிளப்பித்தான் எங்கள் குடும்பத்தைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள்.

அண்ணாவிடம் நான் கேட்டது இவ்வளவுதான். ஆயாவுக்கு நடந்தது என்ன? அவர் பொருள் வேறொருவர் கையில் இருந்தது. அது ஆயாவுடையது என்று அந்த வேறொருவருக்குத் தெரியும். கேட்க ஆயாவுக்குப் பலம் இல்லை என்பதால் அவர் வைத்துக்கொண்டார். அந்தக் காரியத்தின் பெயர் நமக்கு நன்றாகத் தெரியும், மூன்று தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறோம். அதையே நாம் செய்தால் அது ஆயாவுக்குச் சேர வேண்டிய பாக்கியாக மாறிவிடுமா? நாய்க்கூண்டின் மேல் இருந்த லேப்டாப்பை நான் வைத்துக்கொண்டிருந்தால் ஒரு கரும்பாலை முதலாளிக்கும் ஒரு காசு குறைந்திருக்காது. குறைந்திருப்பது அந்த டிரைவருக்கு.

அண்ணா அதை ஒத்துக்கொண்டாரா என்றால், முழுவதும் இல்லை. "பலம் உள்ளவனிடம் நியாயம் பேசுகிறவர்கள் குறைவு, டீச்சர்" என்றார். அதுவும் உண்மைதான்.

நான் வேண்டிக்கொண்டிருந்தேன், வந்துவிட்டது. லட்சுமி கொடுத்ததாக நினைக்கக் கூடாதா?

வேண்டுதலைக் குறை சொல்ல மாட்டேன். தையல் மெஷின் வேண்டும் என்று மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி வேண்டிக்கொண்ட ஓர் அக்காவின் வாசலுக்கு அடுத்த வாரமே தையல் மெஷின் வந்தது. பெட்டியின் மேல் வேறு பெயர். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குச் சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

நான் சொன்னது: அந்தப் பெட்டிக்குக் காசு கட்டிய பெண்ணும் எங்கோ ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டுத்தான் காத்திருப்பாள். ஒரே மெஷினை அம்மன் இரண்டு பேருக்குக் கொடுத்திருக்க மாட்டாள். அக்கா திருப்பிக் கொடுத்தார். பிறகு வகுப்பில் நாலு பேர் சேர்ந்து பழைய சிங்கர் மெஷின் ஒன்றைப் பழுது பார்த்து அவருக்குக் கொடுத்தோம். தேவை உண்மையாக இருக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் வேண்டும். கோயிலில் அது இல்லாவிட்டால் குறை கோயில்மேல்.

லேபிளைப் பார்க்காமல் பிரித்துவிட்டேன். இனித் திருப்பிக் கொடுத்தால் என்னைத்தானே சந்தேகப்படுவார்கள்?

பிரித்தது பிழை இல்லை, யாரும் செய்வதுதான். உள்ளே இருப்பதைப் பயன்படுத்தாதீர்கள். போன் என்றால் ஆன் செய்யாதீர்கள். அட்டை, தெர்மாகோல், சார்ஜர் எல்லாவற்றோடும் ஒரு படம் எடுத்து வையுங்கள். "என் ஆர்டர் என்று நினைத்துப் பிரித்துவிட்டேன்" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். தாமதமாகச் சொல்லும்போதுதான் அது சாக்குபோல் கேட்கும்.

லேபிளில் 'கோவெண்டர்' என்று மட்டும் இருக்கிறது. எங்கள் தெருவில் ஐந்து கோவெண்டர்!

டர்பனின் பார்சல்கள் மாறிப் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். கோவெண்டர், நாயுடு, பிள்ளே, மூட்லி என்று நாலைந்து பெயருக்குள் ஊரே அடங்கிவிடுகிறது. முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை எழுத்துதான் இருக்கும். போதாததற்குத் தெருப் பெயர்கள். நகரத்துக்குள் வெஸ்ட் தெரு டாக்டர் பிக்ஸ்லி காசெமே தெருவாகவும், கிரே தெரு டாக்டர் யூசுஃப் டாடூ தெருவாகவும் மாறிப் பல வருஷமாகிறது. இன்றும் வாயில் பழைய பெயர், மேப்பில் புதுப் பெயர்.

எந்தக் கோவெண்டர் என்று துப்பறிவது உங்கள் வேலை இல்லை. பார்சல் எண்ணை வைத்துக் கூரியர்காரர்கள் நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் நேரே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்ததைக் கூரியருக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அது அந்த டிரைவருக்காக.

தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக் கேட்கலாமா?

"ஒரு பார்சல் மாறி வந்திருக்கிறது, யாருடையது?" என்று கேட்கலாம். லேபிளைப் படம் எடுத்துப் போடாதீர்கள். அதில் ஒருவருடைய பெயர், வீடு, போன் எண் மூன்றும் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லாதீர்கள். உரிமை கேட்டு வருகிறவர்தான் அதைச் சொல்ல வேண்டும். என்ன பொருள், எந்தக் கடை, ஆர்டர் எண் என்ன என்று கேளுங்கள். சொந்தக்காரர் போனைத் திறந்து காட்டிவிடுவார்.

திடீரென்று கேட்டில் வந்து நின்று "தப்பாக வந்த பார்சலை எடுக்க வந்திருக்கிறேன்" என்று சொல்கிறவர்களிடம் கவனம். அது ஒரு மோசடி வகை. நீங்களே கடை எண்ணுக்குப் பேசி, அவர்கள் ஆள் அனுப்பியிருக்கிறார்களா என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பெயரும் கையெழுத்தும் வாங்கிவிட்டுக் கொடுங்கள். நல்லது செய்யப் போய் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மளிகை, மருந்து மாதிரியானவை வந்தால்?

மளிகை என்றால் உடனே கடைக்குச் சொல்லுங்கள். பால், மீன், காய்கறியை அவர்கள் திரும்ப எடுப்பது அரிது, "வைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் சொல்வார்கள். சொன்ன பிறகு சமைத்துச் சாப்பிடுங்கள்.

மருந்தில் ஒரு மணி நேரம்கூடத் தாமதம் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் வாங்கிக் காத்திருக்கும் வீடு எது என்று நமக்குத் தெரியாது. முதலில் அதைக் குளிர்பெட்டியில் வையுங்கள், அடுத்து மருந்துக்கடைக்கு போன் செய்யுங்கள். மற்றக் கேள்விகளையெல்லாம் பிறகு யோசிக்கலாம்.

என் வங்கிக் கணக்கில் யாரோ தவறிப் பணம் போட்டுவிட்டார்கள். அதுவும் இப்படித்தானா?

இன்னும் கடுமை. இதில் 20 வேலை நாள் போன்ற எந்த வாசலும் கிடையாது. 2017 ஜூனில் ஈஸ்டர்ன் கேப்பில் ஒரு மாணவியின் கணக்கில் மாத உதவித்தொகை 1,400 ரேண்டுக்குப் பதிலாக 1.4 கோடி ரேண்ட், அதாவது 14 மில்லியன், வந்து விழுந்தது. யாருக்கும் சொல்லாமல் சில மாதங்களில் எட்டு லட்சத்துக்கு மேல் செலவழித்துவிட்டார். 2022இல் திருட்டுக் குற்றம் உறுதியாகி ஐந்து வருஷச் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் சிறைக்குப் போகாமல் தப்பினார், ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு நின்றது.

அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, வருத்தம்தான் வருகிறது. தவறு செய்த கணினி வழக்கில் நிற்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்களும் நிற்கவில்லை. என் மகனுக்கு அந்த வழக்கைப் படித்துக் காட்டினேன். உங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் நீங்களும் சொல்லுங்கள். வங்கிக்கு அன்றே எழுதிக் கொடுத்து, அதற்கு ஒரு குறிப்பு எண் வாங்குங்கள். அனுப்பியதாகச் சொல்லி போனில் பேசுகிறவருக்கு நீங்களாகத் திருப்பி அனுப்பாதீர்கள். வங்கி வழியாகவே போகட்டும்.

சென்னையிலிருந்து யாரோ உறவுக்காரருக்கு அனுப்பிய தங்க வளையல் என்னிடம் வந்தால்? அனுப்பியவர் வியாபாரி இல்லையே.

சரியாகப் பிடித்தீர்கள். நுகர்வோர் சட்டம் வியாபாரிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில். பேத்திக்கு வளையல் அனுப்பிய பாட்டி வியாபாரி இல்லை. ஆகவே நாலு வாரம் காத்திருந்தால் நமக்கு என்ற பேச்சே இங்கே எழாது. அந்த வளையல் என்றைக்கும் அவர்களுடையதுதான். கூரியர் எடுக்க வராவிட்டால், லேபிளும் கிழிந்து யாரென்று தெரியாவிட்டால், போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

திருப்பிக் கொடுத்ததற்கு ஏதாவது சன்மானம் கேட்கலாமா?

கேட்காதீர்கள். அவர்களாகக் கொடுத்தால் வாங்கலாம். செலவானது இருந்தால் அதைக் கணக்காகக் கேட்கலாம், கூச்சம் வேண்டாம்.

எல்லாம் சரி. என் பார்சல் மாறிப் போய், வாங்கியவர் கொடுக்க மறுக்கிறார். நான் என்ன செய்வது?

அவரோடு வாசலில் நின்று சண்டை போடாதீர்கள். நீங்கள் ஏற்றுக்கொள்ளும் வரை பொருள் கடைக்காரர் பொறுப்பில்தான் இருக்கிறது என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. வேறு வீட்டு வாசலில் வைத்தது உங்களுக்கு டெலிவரி ஆகாது. கடைக்கு எழுத்தில் எழுதுங்கள்: "எனக்கு வந்து சேரவில்லை. டெலிவரிப் படத்தில் இருப்பது என் வீடு இல்லை." உங்கள் வாசலின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் கைவிரித்தால் நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

அந்த லேப்டாப்புக்குச் சொந்தக்காரர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. டிரைவர் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, நாய்க்கூண்டை இன்னொரு படம் எடுத்துக்கொண்டார். எதற்கு என்றேன். "அடுத்த தடவை இது உங்கள் வீடு என்று தெரிய" என்றார்.